ஒரு நாடு போரில் தோற்றது என்று எப்போது சொல்வீர்கள்?

கேள்வி: 2024 ஆகஸ்ட் 15, காலை 11.20

இன்று நமக்குச் சுதந்திர நாள். 1945-ல் இதே தேதியில்தான் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. அதைப் பற்றி நண்பர்களோடு பேசும்போது ஒரு சந்தேகம் வந்தது. அமெரிக்கா வியட்நாமில் தோற்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அமெரிக்காவுக்கு என்ன குறைந்துவிட்டது? அவர்கள் மண்ணில் ஒரு ஊர் கூடப் போகவில்லை, டாலர் செல்லாமல் போகவில்லை. அப்படியானால் ஒரு நாடு போரில் தோற்பது என்றால் என்னதான் அர்த்தம்?

ஆகஸ்ட் 15, இரவு 9.40

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் கேள்விக்குள்ளேயே ஒரு நாடு காணாமல் போயிருக்கிறது. தென் வியட்நாம் என்று ஒன்று இருந்தது. அதற்குக் கொடி, ரூபாய் நோட்டு மாதிரி சொந்த நோட்டு, ராணுவம், தலைநகர் எல்லாம் இருந்தன. 1975 ஏப்ரல் 30-ம் தேதி சைகோன் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 2-ம் தேதி வடக்கும் தெற்கும் ஒரே நாடாகிவிட்டன. அமெரிக்கா தோற்றுவிட்டு வீட்டுக்குப் போனது. தென் வியட்நாம் திரும்பிப் போக வீடே இல்லை.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. நான் வளர்ந்தது வியாசர்பாடியில். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களுக்கு நடுவே சைகோனிலிருந்து வந்தவர்களும் சிலர் இருந்தார்கள். தெருக் கடைசி வீட்டில் இருந்தவரை சைகோன் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அங்கே அவர்களுக்குத் துணிக்கடை இருந்தது. பேச்சுவாக்கில் "எங்க நாட்டுல" என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்த இடத்திலேயே நிறுத்தி, "அந்தப் பக்கம்" என்று மாற்றிக்கொள்வார். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஊர் அங்கேயே இருக்கிறது, கடை இருந்த தெருவும் இருக்கிறது, நாடு மட்டும் இல்லை. அவர் வாயில் அந்த வார்த்தை பாதியில் நின்றதைத்தான் நான் தோல்வி என்று சொல்வேன்.

ஆகஸ்ட் 16, மதியம்

நேற்று எழுதியதை இன்னும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பணம் செத்தால் நாடு தோற்றது. என் குடும்ப அனுபவம் அதுதான்.

ஐயா, அதாவது என் அப்பாவின் அப்பா, ரங்கூனில் ஒரு அரிசி ஆலையில் கணக்கப்பிள்ளை. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது லட்சக்கணக்கான நம் ஆட்கள் காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள். அப்பத்தா நிறைமாதம். அதனால் இவர்கள் நடக்கவில்லை, அங்கேயே இருந்துவிட்டார்கள். மூன்று வருடம் ஆலையில் சம்பளம் ஜப்பான் நோட்டில். ஐயா சிக்கனமானவர், வாங்கியதில் பாதியைச் சேர்த்து வைத்தார். 1945 மே மாதம் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ஜப்பான் நோட்டு செல்லாது என்று அறிவித்தான். மூன்று வருட உழைப்பு ஒரு நாளில் காகிதம்.

அதோடு விடவில்லை. 1964-ல் பர்மா அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றது. அது போர் இல்லை, ராணுவ ஆட்சி. அடுத்த வருடம் எங்கள் குடும்பம் கப்பல் ஏறியது. அப்பத்தா தாலியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டுதான் வந்தார். தோடு, மூக்குத்தி வரை சோதித்துப் பார்த்த அங்கத்து அதிகாரிகள் இந்த ஜப்பான் நோட்டுக் கட்டை மட்டும் ஒரு புரட்டு புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். அந்தக் கட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது, ஒரு பிஸ்கட் டின்னில்.

ஆகஸ்ட் 16, இரவு

டின்னைத் திறந்து பார்த்தேன். ஒன்று, ஐந்து, பத்து ரூபாய் நோட்டுகள். மேலே "ஜப்பானிய அரசாங்கம்" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. பர்மாவுக்கான நோட்டு என்பதற்கு 'பி' என்று தொடங்கும் இரண்டு எழுத்து. மலாயா நோட்டுக்கு 'எம்'. இத்தனை வருடமாக நான் கவனிக்காத ஒன்றை இன்று கவனித்தேன். இந்த நோட்டுகளில் வரிசை எண்ணே இல்லை. நம் சட்டைப்பையில் இருக்கும் பத்து ரூபாய்க்கும் ஒரு எண் இருக்கிறது. இதில் அந்த எழுத்துகள் மட்டும்தான். எத்தனை அடித்தோம் என்று எண்ண நினைக்காதவர்கள் அடித்த நோட்டு.

ஐயா கணக்கப்பிள்ளை. அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தேதான் சேர்த்தார், வேறு என்ன செய்வது.

ஆகஸ்ட் 17

ஒருவர் கேட்டிருக்கிறார்: "1962-ல் நாம் சீனாவிடம் தோற்றோம். ரூபாய் செத்ததா?" சரியான அடி. பணத்தை வைத்து நான் சொன்னது நிற்காது, ஒத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 20-ல் தொடங்கி நவம்பர் 21-ல் முடிந்த போர். முடித்ததும் அவர்கள்தான். தாங்களாகவே சண்டையை நிறுத்துவதாக அறிவித்துவிட்டு, கிழக்கில் பிடித்த இடத்தை விட்டுப் பின்வாங்கினார்கள். கையெழுத்து இல்லை, உடன்படிக்கை இல்லை. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலகினார். என்ன தவறு நடந்தது என்று ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கையை எந்த அரசும் இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. காங்கிரஸ் வந்தது, ஜனதா வந்தது, பாஜக வந்தது, பீரோ மட்டும் திறக்கவில்லை. 1971-ல் டாக்காவில் 93,000 பேரோடு சரணடைந்த பாகிஸ்தானும் இதையேதான் செய்தது. ஹமூதுர் ரஹ்மான் ஆணையம் எழுதிக் கொடுத்ததை அவர்கள் மக்கள் பார்க்க ஏறத்தாழ முப்பது வருடம் ஆனது. அந்த அளவுக்காவது அங்கே திறந்தது.

ஆனால் 1962 நம் சென்னையை மாற்றியது. திமுக தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது அந்தப் போருக்குப் பிறகுதான். பிரிவினை கேட்பதைத் தடுக்க 1963-ல் வந்த 16-வது அரசியல் சட்டத் திருத்தமும் அதில் ஒரு காரணம். பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியும் 1963 ஜனவரியில் தொடங்கியதுதான். அதிகாரிகள் போதவில்லை என்று தோற்ற பிறகுதான் தெரிந்தது. என் மாமியாரின் அம்மா கையிலிருந்த ஒரு ஜோடி வளையலைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார். அதற்குக் கொடுத்த ரசீதை மாமியார் பூஜை அலமாரியில் வைத்திருந்தார். கொடுத்தவருக்கு ரசீது கிடைத்தது, ஏன் தோற்றோம் என்ற கணக்கு கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தேன். திப்புவைத் தோற்கடித்த வெள்ளைக்கார கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் சிலையைப் பார்ப்பதற்கென்றே போனேன். எல்லோரும் அண்ணாந்து முகத்தைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது கீழே பீடத்தில் இருக்கிறது. திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கை: பாதி நாடு, 3 கோடியே 30 லட்சம் ரூபாய், பணம் கட்டி முடிக்கும் வரை இரண்டு பிள்ளைகள். அந்தப் பையன்களைக் கொண்டுவந்து வைத்திருந்தது இந்தச் சென்னையில்தான்.

நான் அங்கே நின்றபோது ஒரு அப்பா தன் மகனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா அந்தப் பசங்களக் கூட்டிட்டுப் போறாங்க?" என்றான் பையன். "அவங்க அப்பா சண்டையில தோத்துட்டாரு" என்றார். பையன் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

வரும் வழியில் ராஜாஜி மண்டபம். திப்பு 1799-ல் வீழ்ந்ததைக் கொண்டாட வெள்ளைக்காரன் கட்டிய விருந்து மண்டபம் அது. எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, கருணாநிதி மூவரின் உடலையும் வைத்தது அங்கேதான். 2018-ல் நானும் வரிசையில் நின்றேன். அழுதுகொண்டு நின்ற அத்தனை பேரில் ஒருவருக்காவது அது வெற்றி மண்டபம் என்று நினைவிருந்திருக்குமா? எனக்கு இல்லை.

ஆகஸ்ட் 19

நேற்றைய குறிப்பைப் படித்தால் வெள்ளைக்காரன் எப்போதும் ஜெயித்தான் என்பது போல் இருக்கிறது. அது தப்பு. 1769-ல் திப்புவின் அப்பா ஹைதர் அலி பரங்கிமலைப் பக்கம் வரை வந்து நின்றான். கோட்டைக்குள் இருந்தவர்கள் அவன் கேட்டபடி உடன்படிக்கை போட்டார்கள். உன்னை யாராவது தாக்கினால் துணைக்கு வருகிறோம் என்று அதில் எழுதிக் கொடுத்தார்கள். மராத்தியர் தாக்கியபோது வரவில்லை. 1780-ல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் அதற்கும் சேர்த்து அடி வாங்கினார்கள். ஆனால் அவர்களிடம் அடுத்த கப்பல் இருந்தது, அடுத்த கடன் இருந்தது. மைசூருக்கு 1799-க்குப் பிறகு அடுத்தது என்று ஒன்று இல்லை.

ஆகஸ்ட் 22

சென்னை தினம். எல்லோரும் எம்டன் கதையைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. உயர் நீதிமன்றச் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு உண்டு. நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முடித்துவிட்டது. ஏழு வாரம் கூட ஆகவில்லை. சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. சேட்டை செய்யும் பேரப்பிள்ளைகளை எல்லாம் அப்பத்தா "எம்டன் வந்துட்டான்" என்றுதான் சொல்வார்.

எம்டனின் நாட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். 1918 நவம்பர் 11-ல் ஜெர்மனி சண்டையை நிறுத்தியபோது அவர்கள் படை பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நின்றுகொண்டிருந்தது. பெர்லின் தெருவில் எதிரி ஒருவன் கூட இல்லை. திரும்பி வந்த படையை வரவேற்ற புதிய அரசின் தலைவர் எபர்ட், எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்று பேசினார். பாவம், அவர் ஆறுதலுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது: எதிரி வெல்லவில்லை என்றால் நம்மை யார் தோற்கடித்தது? உள்ளே இருப்பவன் முதுகில் குத்தினான் என்று பதிலோடு வந்தார்கள். யூதர்களைக் காட்டினார்கள். அது எங்கே போய் முடிந்தது என்று தெரியும். 1918-ல் நின்ற போருக்குப் பின் போட்ட வெர்சாய் உடன்படிக்கையின் இழப்பீட்டுக் கடன் பத்திரங்களுக்கான கடைசித் தவணையை ஜெர்மனி கட்டியது 2010 அக்டோபர் 3-ல். என் மகள் ஒன்றாவது வகுப்பில் இருந்தாள்.

ஜப்பான் பக்கம் பாருங்கள். 1945 ஆகஸ்ட் 15 வானொலிப் பேச்சில் பேரரசர் தோல்வி என்ற சொல்லையும் சொல்லவில்லை, சரண் என்ற சொல்லையும் சொல்லவில்லை. போர் நிலைமை ஜப்பானுக்குச் சாதகமாக அமைந்தது என்று சொல்வதற்கில்லை என்கிற மாதிரி ஒரு வாக்கியம். இரண்டு நகரங்கள் சாம்பலான பிறகு! இன்றும் அந்த நாளை அவர்கள் "ஷூசென்" நாள், அதாவது போர் முடிந்த நாள் என்கிறார்கள். தோற்ற போருக்கு "ஹாய்சென்" என்று அவர்கள் மொழியிலேயே சொல் இருக்கிறது. நாட்காட்டியில் ஏறியது முந்தைய சொல்தான்.

ஆகஸ்ட் 22, பின்குறிப்பு

ஜெர்மனி 1945-க்குப் பிறகு மாறியது என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். உண்மை. 1985 மே 8-ல் குடியரசுத் தலைவர் வைஸ்செக்கர், நாம் தோற்ற அந்த நாள் நமக்கே விடுதலை நாள் என்று நாடாளுமன்றத்தில் பேசினார். அதைச் சொல்ல நாற்பது வருடம் பிடித்தது.

ஆகஸ்ட் 24

நம் ராஜாக்களை விட்டுவிட்டீர்களே என்று ஒரு கேள்வி. சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். தோற்றவன் நிலத்தைக் கழுதை பூட்டி உழுது கவடி (சோழி) விதைத்ததாகத் தன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியில் பெருமையாகவே எழுதிக்கொண்டான். ஒரே ஒரு பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான், முன்னொரு காலத்தில் சோழன் ஒரு புலவருக்குப் பரிசாகக் கொடுத்தது என்பதற்காக. திருவெள்ளறைக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. எரிந்த வீடுகளில் யார் இருந்தார்கள் என்று சொல்லக் கல்வெட்டு இல்லை. இதற்கு மேல் இதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பத்து நாளாக ஊரைச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டியதை எழுதவில்லை.

1987 ஜூலைக் கடைசியில் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அக்டோபரில் யாரைக் காக்கப் போனார்களோ அவர்களோடு சண்டை. 1990 மார்ச் 24-ல் கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கிளம்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் திரும்பவில்லை. அங்கே செத்த தமிழர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஆளுக்கொரு எண். படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சராக இருந்த கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்றார். அன்றைக்கு இங்கே இருந்த பலரின் மனநிலை அதுதான், என்னுடையதும்.

எனக்கு அப்போது 22 வயது. ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். துறைமுக பாஸ் இருந்தது. அந்த வாரம் ஒரு நாள் கப்பலிலிருந்து அவர்கள் இறங்குவதைத் தூரத்தில் நின்று பார்த்தேன். பேண்டு வாசித்தார்கள். இறங்கியவர்கள் முகத்தில் ஒன்றும் இல்லை. பையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

எங்கள் எதிர்வீட்டு அண்ணனும் அந்தப் படையில் இருந்தார். ஏப்ரலில் விடுப்பில் வந்தார். அவர் அம்மா சந்தோஷத்தில் கேசரி கிண்டி, தெரு முழுக்க வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்று, "தம்பி வந்துட்டான்" என்று தட்டை நீட்டினார். நான் உள்ளே இருந்தபடி, அவருக்குக் கேட்கிற மாதிரி, "அது நமக்கு வேண்டாம்மா" என்றேன். என் அம்மா ஒன்றும் பேசாமல் கேசரியை வேறு பாத்திரத்தில் மாற்றிக்கொண்டார். தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தார். அந்த ஆயம்மா என்னைப் பார்க்கவே இல்லை. சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்.

அண்ணன் அதன் பிறகும் என்னிடம் எப்போதும் போலத்தான் பேசினார். பல வருடம் கழித்து டீக்கடையில் ஒருநாள் நானாகக் கேட்டேன். "நாம தோத்துட்டோமாண்ணே?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "திரும்பி வந்துட்டோம்" என்றார். அவ்வளவுதான்.

ஜெயித்தோம் என்று யாரும் சொல்லவில்லை, தோற்றோம் என்றும் யாரும் சொல்லவில்லை. போன காரியம் நடக்கவில்லை. இலங்கை அரசு கூடக் கொழும்பு அருகே பேர் பொறித்து ஒரு நினைவிடம் கட்டியது. இந்தியாவில் இவர்களுக்கு ஒரு கல் இல்லை.

ஆகஸ்ட் 27

திருத்தம். கல் இல்லை என்று எழுதியது தவறு. டெல்லியில் இந்தியா கேட் பக்கத்தில் 2019 பிப்ரவரி 25-ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் இலங்கையில் இறந்தவர்கள் பெயர்களும் இருக்கின்றன. முன்னாள் ராணுவத்தினர் இருவர் இதைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. இத்தனை வருடம் நான் தேடிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் 1990-லிருந்து 2019 வரை 29 வருடம். ஒரு சிப்பாயின் விதவை அந்தக் கல்லைப் பார்ப்பதற்குள் பாட்டியாகியிருப்பார்.

ஆகஸ்ட் 30

இரண்டு நாளாகக் கோபமான பதில்கள். "சிப்பாய்க்கு அழுகிறாய், அவன் சுட்டவனுக்கு யார் அழுவது?" என்று. கேட்க வேண்டிய கேள்விதான். நான் கேசரியை மறுத்ததும் அதே கேள்வியால்தான்.

நாடு தோற்றால் பெரும்பாலும் நாடு மிஞ்சுகிறது, சுருங்கியாவது. நாடு வேண்டும் என்று கேட்டவர்கள் தோற்றால் என்ன மிஞ்சும்? 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரில் எத்தனை பொதுமக்கள் இறந்தார்கள் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஏற்கும் எண் இல்லை. 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னது. இலங்கை அரசு ஏற்கவில்லை. பெயர்ப் பட்டியல் போட்டு யாரும் கல் நட விடவில்லை. ஆகவே கஞ்சி காய்ச்சுகிறார்கள். கடைசி நாட்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுக் குடித்த அதே கஞ்சி. புழல் முகாமில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் குடும்பம் இருக்கிறது. இப்போது அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். ஒரு மே 18-ல் அங்கே போயிருந்தேன். சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். சூடு விரலில் ஏறியது. யாரும் எதுவும் பேசவில்லை, குடித்துவிட்டுச் சிரட்டையைக் கழுவி வைத்தோம்.

அந்த நண்பருக்கும் எதிர்வீட்டு அண்ணனுக்கும் என்னைத் தெரியும். ஒருவரை ஒருவர் தெரியாது. அறிமுகப்படுத்த எனக்குத் தைரியம் வந்ததில்லை.

செப்டம்பர் 1

ஜப்பான் நோட்டில் எண் இல்லை என்று எழுதினேன் அல்லவா, அது மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. ஐயாவின் தம்பி ஒருவர் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். 1943-ல் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். தாய்லாந்திலிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர். அந்த வருடம் அக்டோபரில் முடித்தார்கள். அவர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஏறத்தாழ 7,000 கல், பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறித்து வரிசையாக. அவர்களும் அங்கே பட்டது கொடுமைதான், குறை சொல்லவில்லை. கூடவே செத்த தமிழ்க் கூலிகள் பல்லாயிரம் பேர். அவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. அப்பத்தா அவருக்கு எந்தத் தேதியில் திதி கொடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் ஒரு இலை சேர்த்துப் போடுவார்.

அவர் எந்த நாட்டின் தோல்வியில் செத்தார்? ஜப்பான் தோற்றது, பிரிட்டன் ஜெயித்தது, இந்தியா அப்போது நாடே இல்லை. எந்தக் கணக்கிலும் அவர் வரவில்லை.

செப்டம்பர் 3

தம்பி, உன் முதல் கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது. அமெரிக்காவுக்கு என்ன குறைந்தது என்று கேட்டாய். வாஷிங்டனில் 1982-ல் ஒரு கறுப்புச் சுவர் கட்டினார்கள். 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், பதவி வரிசையில் இல்லை, செத்த தேதி வரிசையில். சுவர் வழவழப்பாக இருப்பதால் பெயரைத் தேடுபவரின் முகம் அதிலேயே தெரியும். எதற்காகச் செத்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் எத்தனை பேர், யார் யார், எந்த நாள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அளவில் அவர்கள் தோல்வியிலிருந்து எழுந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். சைகோன் ஆயாவின் பக்கத்தில் செத்த தென் வியட்நாம் சிப்பாய்கள் அந்தச் சுவரிலும் இல்லை, சொந்த ஊரிலும் அவர்களுக்கு அப்படி ஒரு சுவர் இல்லை.

பணம் செத்தால் தோல்வி என்றேன், பிறகு தோல்வி என்ற சொல்லைச் சொல்லாததுதான் தோல்வி என்பது போல எழுதினேன். இரண்டையும் அழிக்கவில்லை, இருக்கட்டும். இப்போது எனக்குத் தோன்றுவது வேறு. செத்தவர்களை எண்ணவும், எண்ணியதைச் செத்தவர் வீட்டில் போய்ச் சொல்லவும் ஒரு நாட்டால் முடியவில்லை என்றால் அது தோற்றுவிட்டது. ஜெயித்த நாட்டுக்கும் இது பொருந்தும். ஏன் என்று கேட்டால் என்னால் வாதாட முடியாது. டின்னில் இருக்கிற நோட்டைப் பார்த்து வந்த எண்ணம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று எம்டன் குண்டு போட்டு 110 வருடம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் எழுத வந்தது வேறு.

மகள் ஒரு நேர்முகத் தேர்வுக்காக டெல்லி போயிருந்தாள். ஊருக்குக் கிளம்புமுன் எதிர்வீட்டு அண்ணனிடம் போய், "உங்க கூட இருந்தவங்க பேரு சொல்லுங்கண்ணே, பொண்ணு போய்ப் பார்த்துட்டு வருவா" என்று கேட்டிருந்தேன். இரண்டு பெயர் சொன்னார், இருவரும் அவர் செக்‌ஷன், ஒரே வாரத்தில் போனவர்கள். மகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு கற்களையும் படம் எடுத்து அனுப்பினாள்.

காலையில் போனை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அம்மா இப்போது இல்லை. அண்ணன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கத் தெரியவில்லை, நான் விரலால் விரித்துக் காட்டினேன். முதல் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்தார். படம் நகர்ந்து வேறு பெயருக்குப் போய்விட்டது. மறுபடி கொண்டுவந்து கொடுத்தேன். இந்தத் தடவை தொடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கல்லைப் பார்த்தபடியே, ராணுவ எண், ரேங்க், பெயர் என்று வரிசையாகச் சொன்னார், வகுப்பில் ஆஜர் எடுப்பது போல. பிறகு அடுத்தவருக்கும் அதே போல, எண்ணிலிருந்து தொடங்கி. முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு ஒரு இலக்கம் தடுமாறவில்லை.

அண்ணி கேசரி கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன்.